வெளிநாட்டுல படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஆன்லைன் குழு சிகிச்சை: சேரலாமா, யாருகூட உக்காரணும்?

கருங்கல்சித்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க அக்கா மோன் இங்கிலாந்துல எம்.எஸ்சி. படிக்கான். செப்டம்பர்ல போனான். டிசம்பர் ஆனப்போ வீட்டுக்குப் போன் பண்ணுகது குறைஞ்சுபோச்சு. அங்க நாலு மணிக்கே இருட்டிருமாம். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்ய விசா விடும், அதையும் ஒரு கிட்டங்கியில ராத்திரி ஷிப்டா செய்யான். பகல்ல உறக்கம் வராது, நெஞ்சு படபடன்னு அடிக்கும். ஹார்ட்டுக்கு வல்லதும் இருக்கோன்னு பயந்து டாக்டர்கிட்ட போனான். ஹார்ட்டு நல்லாத்தான் இருக்கு, இது பதற்றமும் மனச்சோர்வும்னு சொல்லிட்டாங்க.

இப்போ அவன் படிக்கிற இடத்துல உள்ள கவுன்சிலிங் பிரிவு ஆன்லைன்ல ஒரு குழு சிகிச்சைக்குக் கூப்பிட்டிருக்கு. வாரம் ஒருநாள், ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். எல்லாரும் வெளிநாட்டுல இருந்து வந்த மாணவங்க. "சித்தி, முகம் தெரியாத ஏழு பேரு முன்னால நான் என்னத்தப் பேச?"ன்னு என்கிட்ட கேக்கான். அவனுக்க அம்மைகிட்ட சொல்லல. அக்காவும் அத்தானும் ரப்பர் விளைய ஈடு வச்சு லோன் எடுத்து அனுப்புனவங்க. தெரிஞ்சா அவங்க ரெண்டுபேரும் உறங்க மாட்டாங்க.

இது நிஜமாவே பலன் தருமா? தனியா ஒரு டாக்டர்கிட்ட பேசுகதுதானே நல்லது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


விளைக்காரன் (அருமனை) எழுதியது:

சித்தி, நான் ரெண்டு பிள்ளைகள வெளிநாட்டுக்கு அனுப்புன தகப்பன். அந்த அக்காவுக்க நிலை எனக்குத் தெரியும். ஆனா மனசுல உள்ளத அந்நியங்ககிட்ட, அதும் கம்ப்யூட்டர்ல, சொல்லுகது எனக்குச் சரியாப் படல. பிள்ளை தினம் ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போடட்டும். அம்மை முகத்தப் பார்த்துப் பேசட்டும். அங்கயே நம்ம ஆளுகளுக்க ஜெபக்குழு, தமிழ்ச்சங்கம் எல்லாம் இருக்கும், அதுல சேரட்டும். இதெல்லாம் பதிவாகி நாளைக்கு விசாவுக்குக் குறுக்கே வந்தா யாரு பதில் சொல்லுகது? பணம் போட்டவனுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.


அலைவாய் (குளச்சல் பக்கம், இப்போ மெல்பர்ன்) எழுதியது:

நான் இதே மாதிரி ஒரு குழுவுல இருந்து முடிச்சவன். அதனால கொஞ்சம் விரிவா எழுதுகேன்.

விளைக்காரன் மாமா, வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொல்லுகீங்க. நானும் தினம் போட்டேன். சிரிச்சேன், சாப்பிட்டாச்சுன்னு சொன்னேன், வச்சதும் கதவைச் சாத்திட்டுக் கெடந்தேன். அம்மைகிட்ட எப்படிச் சொல்ல? அவங்க மீன் வித்து வட்டி கட்டுகாங்க. அவங்க முகத்தப் பார்த்தா சொல்ல வந்ததும் தொண்டையில நின்னுரும்.

குழுவுல முதல்ல ஒரு ஆலோசகர் தனியா அரைமணி நேரம் பேசினாங்க. உறக்கம், சாப்பாடு, படிப்பு, சாகணும்னு நினைப்பு வருதா, எல்லாம் கேட்டாங்க. பிறகுதான் சேர்த்தாங்க. நாங்க ஏழு பேரு, நடத்த ரெண்டு பேரு. ஒவ்வொரு வாரமும் தொடங்கும்போது இப்போ எங்க இருக்கீங்க, முகவரி என்னன்னு கேப்பாங்க. எனக்கு முதல்ல எரிச்சலா இருந்துச்சு. நடுவுல யாருக்காச்சும் ஆபத்துன்னா உதவி அனுப்ப முகவரி வேணும்லா, அதுக்குத்தான்னு விளக்கினாங்க. ஹெட்போன் கட்டாயம், அறையில வேற ஆள் இருக்கக்கூடாது, பதிவு பண்ணக்கூடாது, இங்க கேட்டது வெளிய போகக்கூடாது.

ரெண்டாவது வாரம் ஒரு வியட்நாம் பிள்ளை பேசிச்சு. அப்பா மார்க் கேப்பாரு, எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுவேன், போன வச்சிட்டு அழுவேன்னு சொல்லிச்சு. எனக்கு அப்படியே கை நடுங்கிப்போச்சு. நான் மட்டும்தான் வீட்ட ஏமாத்துற பாவின்னு நெனச்சுட்டு இருந்தேன். நைஜீரியாவுல இருந்து வந்த ஒருத்தன், பிரேசில்காரி ஒருத்தி, அவங்களும் அதத்தான் சொன்னாங்க. டாக்டர் ஆயிரம் தடவை "உன்ன மாதிரி நிறைய பேரு இருக்காங்க"ன்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்க முகத்தப் பார்த்து நம்பினேன்.

வெறும் அழுக கூட்டம்னு நெனைக்காண்டாம். வேலை உண்டு. வாரம் முழுக்க எந்த நேரம் என்ன செய்தோம், அப்போ மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தாளுல எழுதணும். எனக்குத் தந்த முதல் வேலை, நூலகத்துல போய் அரைமணி நேரம் சும்மா உக்காரணும். படிக்கக்கூட வேண்டாம். மனசு சரியானதும் வெளிய போவோம்னு காத்திருந்தா அது சரியாகாது, முதல்ல காலு நடக்கணும், மனசு பின்னால வரும்னு சொன்னாங்க. அது எனக்கு ஒத்துச்சு.

எல்லாருக்கும் ஒத்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தன் மூணாவது வாரமே வரல. எனக்க கடனும் அதனால குறையல. இங்க ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலைக் கணக்கு, வாடகை, எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. ஆனா உறக்கம் வந்துச்சு, வகுப்புக்குப் போனேன், தேர்வு எழுதினேன்.

இன்னொண்ணு. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில வந்தப்போ எங்க கரையில எத்தன வீட்டுல ஆம்பள திரும்பி வரல. அப்போ பெண்கள் ஒரே வீட்டு வாசல்ல சேர்ந்து உக்காந்து பேசுகத நான் பார்த்திருக்கேன். தனித்தனியா ஆறுதல் சொல்ல வந்தவங்ககிட்ட வாயே திறக்காதவங்க, அங்க பேசினாங்க. ஒரே பாடு பட்டவங்க சேர்ந்திருந்தா பேச்சு வரும்.


மனநலப்பணி (நாகர்கோவில்) எழுதியது:

நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவள். அலைவாய் தம்பி எழுதியது அப்படியே நடப்பது. சித்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

தனிச் சிகிச்சை உசத்தி, குழு என்றால் ஆள் பற்றாக்குறைக்குக் கொடுக்கிற மலிவுச் சரக்கு என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் தருகிற அரசு அமைப்பான நைஸ், 2022 ஜூனில் மனச்சோர்வுக்குப் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு, வழிகாட்டியின் துணையோடு தானே செய்யும் பயிற்சிக்கு அடுத்தபடியாக அதில் வருவது குழுவாகச் செய்யும் சி.பி.டி. என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சைதான். எட்டு அமர்வு, சுமார் எட்டுப் பேர், நடத்த இரண்டு பேர் என்று அளவும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பையனுக்குச் சொன்ன கணக்கும் அதுதான். அலைவாய்க்கு ஒத்துவந்த நூலக வேலை, செயலைத் தூண்டி மனநிலையை மாற்றுகிற முறை. அதுவும் குழுவாகச் செய்யலாம் என்று அதே பட்டியலில் இருக்கிறது.

ஆனால் பதற்றம் எல்லாம் ஒரே வகை அல்ல. இதைக் கவனிக்க வேண்டும். நாலு பேர் என்னைப் பார்த்தாலே, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று உடம்பு வேர்த்து ஒதுங்குகிற சமூகப் பதற்றம் தனி நோய். அதற்குத் தனிச் சிகிச்சைதான் முதலில், குழுவை அதற்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று அதே நைஸ் 2013இல் சொல்லியிருக்கிறது. குழுவும் அதில் பயன் தரும், தனிச் சிகிச்சை அளவுக்குத் தராது. பையன் "என்னத்தப் பேச" என்று கேட்பது எல்லாருக்கும் வருகிற கூச்சமா, சிறு வயதிலிருந்தே வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாத அளவு பயமா? இதை அந்த முதல் நேர்காணலில் அவன் திறந்து சொல்ல வேண்டும்.

அவர்கள் அநேகமாக இரண்டு கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். பி.எச்.க்யூ-9 மனச்சோர்வுக்கு, ஒன்பது கேள்வி, மொத்தம் 27. ஜி.ஏ.டி-7 பதற்றத்துக்கு, ஏழு கேள்வி, மொத்தம் 21. கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும். இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த எண் மட்டும் நோயைத் தீர்மானிக்காது. ஒன்பதாவது கேள்வி சாவு நினைப்பைப் பற்றியது. அதில் எத்தனை போட்டான் என்பது மொத்த எண்ணைவிட முக்கியம். அந்த நினைப்பு பலமாக இருந்தால் வாரம் ஒருமுறை கூடுகிற குழு போதாது, உடனே தனி மருத்துவ உதவி வேண்டும். மது, போதைப் பழக்கம் கட்டுமீறி இருந்தாலும், இல்லாத குரல் கேட்டாலும் அப்படியே.

விளைக்காரன் அண்ணனின் விசா பயம் நிறையப் பெற்றோருக்கு உண்டு. கவுன்சிலிங்கில் பேசுவது ரகசியம். உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில்தான் அவர்கள் அதைத் தாண்டுவார்கள், அதையும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். விசாவைக் கெடுப்பது வேறொன்று. மாணவர் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டால், இங்கிலாந்தில் கல்வி நிறுவனம் அதை விசாத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மனம் முடங்கி அறைக்குள் கிடக்கிற பிள்ளைக்குத்தான் அந்த ஆபத்து. உதவி தேடிப் போனவனுக்குத் தேர்வைத் தள்ளிவைக்க, இடைவெளி எடுக்க வழி கேட்கலாம்.


மட்டிப்பழம் (மார்த்தாண்டம், இப்போ ஜெர்மனி) எழுதியது:

யாருகூட உக்காரணும்ங்கிற கேள்விய யாரும் இன்னும் தொடல. எனக்கு அதுதான் பெரிய காரியம்.

இங்க மாணவர் நல அமைப்புகளுல ஆலோசனை கிடைக்கும், ஆனா முறையான தெரபிக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும். அதனால தமிழ் பேசுற மாணவங்களுக்குன்னு யாரோ ஆன்லைன்ல நடத்துன ஒரு குழுவுல சேர்ந்தேன். நம்ம பாஷையில பேசலாம்னு அவ்வளவு சந்தோசம். முதல் நாளு ஒரு பெண் தன்னை அறிமுகப்படுத்தினா. ஊரு குழித்துறை. எங்க அத்தைக்க சபையில அவளுக்க அம்மை பாட்டுக்குழுவுல இருக்காங்க. அதோட எனக்கு வாய் அடைஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான், ஒண்ணும் வெளிய சொல்லியிருக்க மாட்டா. ஆனா எனக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்க நேரம். நம்ம குமரி மாவட்டத்துல ஒரு வீட்டுக்காரியம் குலசேகரத்துல இருந்து குளச்சல் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்னு எல்லாருக்கும் தெரியும். வெறும் வானிலையும் சாப்பாடும் பேசிட்டு மூணு வாரத்துல விட்டுட்டேன்.

பிறகு பல நாட்டுப் பிள்ளைகள் இருக்க ஆங்கிலக் குழுவுல இருந்தேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது, அது பெரிய விடுதலை. ஆனா அழுகை வரும்போது ஆங்கிலம் வராது. "நல்லா இருக்கேன், கொஞ்சம் களைப்பு"ன்னு சொல்லி முடிச்சிருவேன். வீட்டுல நடந்த காரியத்த அவங்களுக்குப் புரியவைக்க, வரதட்சணைல இருந்து தொடங்கணும். பாதி நேரம் அதுக்கே போயிரும்.


அலைவாய் எழுதியது:

மட்டிப்பழம் அக்கா, நீங்க சொன்னதுல ஒரு பாதி எனக்கும் நடந்துச்சு. ஆனா நான் அன்னிய முகங்க பக்கம்தான் நிப்பேன். எங்க குழுவுல நடத்துனவங்க, வரலன்னா உங்க பாஷையில சொல்லுங்க, பிறகு முடிஞ்ச அளவு எங்களுக்குச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. ஒருநாள் நான் நம்ம ஊரு பேச்சுல ரெண்டு நிமிசம் பேசினேன். ஒருத்தருக்கும் ஒரு சொல்லு புரியல. எல்லாரும் கேட்டுட்டு இருந்தாங்க. எனக்குப் பாரம் எறங்குச்சு.

அப்புறம், நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்ககிட்ட விளக்குகதுல ஒரு பலன் உண்டு. லோன் அடைக்கும்வரை நான் சிரிக்கக்கூடாதுன்னு எனக்குள்ள ஒரு சட்டம் இருந்துச்சு. ஊர்க்காரன்கிட்ட சொன்னா "ஆமாடே, அப்படித்தான்"னு தலையாட்டுவான். பிரேசில்காரி "அப்படின்னு உனக்க அப்பா சொன்னாரா?"ன்னு கேட்டா. அப்பா ஒருநாளும் சொல்லல.


மனநலப்பணி எழுதியது:

இரண்டு பேருடைய அனுபவமும் எனக்கு நன்றாகப் பழக்கமானது. என் கருத்தைச் சொல்கிறேன், மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

குழுவில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பலர் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ரகசியம் காக்க வேண்டிய தொழில் கடமை நடத்துகிறவருக்கு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினர் கொடுப்பது வாக்கு மட்டும்தான். ஆகவே உறுப்பினர்களின் வாழ்க்கை வெளியே ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பது பெரிய பாதுகாப்பு. நம் மாவட்டம் சிறியது. சபை, பங்கு, ஊர், சாதி, கல்லூரி, பெண் எடுத்த வீடு என்று எல்லா வழியிலும் பின்னிக்கிடக்கிறோம். அதனால் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்க் குழு வேண்டும் என்றால், அதில் தஞ்சாவூர், யாழ்ப்பாணம், மலேசியா என்று வேறு மண்ணிலிருந்து வந்தவர்கள் இருக்கட்டும், குமரிக்காரர் இன்னொருவர் வேண்டாம் என்பது என் கருத்து. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் பல நாட்டுக் குழு. ஊர் ஆட்களே கூடுகிற குழுவை மூன்றாவதாகத்தான் சொல்வேன்.

நேர்காணலில் இதைக் கேட்பதில் தவறில்லை: "என் மாவட்டத்துக்காரர், என் வகுப்புக்காரர் யாராவது இந்தக் குழுவில் இருக்கிறார்களா?" பெயரைச் சொல்ல மாட்டார்கள், உங்களை வேறு குழுவுக்கு மாற்றலாம். இடையில் புது ஆள் வருகிற திறந்த குழுவா, தொடங்கியவர்களே முடிக்கிற மூடிய குழுவா என்றும் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு மூடியது நல்லது. குழு முடியும்வரை உறுப்பினர்கள் வெளியே தனியாகச் சாட் செய்ய வேண்டாம் என்று சில இடங்களில் விதி இருக்கும். கடுமையாகத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. இரண்டு பேர் தனியே நெருங்கினால் மற்றவர்கள் முன்னால் பேச்சு குறைந்துவிடும்.


விளைக்காரன் எழுதியது:

விசா காரியத்துல விளக்கினதுக்கு நன்றி டீச்சர். எனக்கு அது தெரியாது. அப்போ நாங்க பெத்தவங்க என்னதான் செய்யணும்? கையக் கட்டிட்டு இருக்கவா? தூரத்துல இருக்க பிள்ளைக்க குரலு மாறினா எங்களுக்கு இங்க சோறு இறங்காது.


மனநலப்பணி எழுதியது:

உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது அண்ணா. முதலில், குழுவில் என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் போன் செய்யாதீர்கள். நேர வித்தியாசத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் மாலை ஆறு மணி நமக்குக் கோடையில் ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. பிள்ளை அங்கே பேசி முடித்து இளகி இருக்கிற நேரத்தில் தவணைக் கணக்கு, சித்தப்பா மகன் வேலையில் சேர்ந்த கதை வேண்டாம். உறங்கினாயா, சூடாகச் சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும். ஜெபக்குழுவும் கோவிலும் தமிழ்ச்சங்கமும் போகட்டும், அவை வேறு விதத்தில் பலம். சிகிச்சைக்குப் பதிலாக அவற்றை வைக்க வேண்டாம்.

"நான் எல்லாருக்கும் பாரம்", "இனி எனக்காகக் கடன் வாங்க வேண்டாம், தேவைப்படாது" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, சாகணும்னு தோணுதா மக்களே என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அறைத்தோழனை, விடுதிக் காப்பாளரைக் கூப்பிடுங்கள். இங்கிலாந்தில் அவசரத்துக்கு 999, பேச 116 123. இதேபோல் பேச அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. ஆஸ்திரேலியாவில் 13 11 14. ஜெர்மனியில் 0800 111 0 111. இவற்றைப் பிள்ளையின் போனில் இப்போதே பதியச் சொல்லுங்கள், நீங்களும் எழுதி வையுங்கள்.

உங்களுக்கும் உறக்கமில்லையென்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். பெற்றோரும் வரலாம்.


கருங்கல்சித்தி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவன் நேர்காணலுக்குப் பேரு குடுத்தாச்சு. இந்த இழைய முழுசா அவனுக்கு அனுப்பினேன். அக்காகிட்ட நான்தான் பக்குவமாச் சொல்லணும், அது எனக்க பொறுப்பு.


பேச்சிப்பாறை (ஜார்ஜியாவுல எம்.பி.பி.எஸ்.) எழுதியது:

இத்தன நாளு வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். எங்க காலேஜுல இப்படி ஒரு வசதியும் இல்ல. இங்க பேசுற பாஷையும் எங்களுக்கு அரைகுறைதான். படிச்சு முடிச்சு ஊருக்கு வந்தாலும் தகுதித்தேர்வு இருக்கு, அந்த நெனப்பே ராத்திரி உறங்க விடாது. நாங்க ஆறு பேரு, தமிழ்நாட்டுல வேற வேற மாவட்டம், ஞாயிறு ராத்திரி ஆன்லைன்ல கூடி இப்படி ஒரு குழு நாங்களே நடத்தலாமா டீச்சர்?


மனநலப்பணி எழுதியது:

தாராளமாகக் கூடுங்கள் தம்பி. ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள், அது ஒருவருக்கொருவர் துணை. ஒருவர் திடீரென்று உடைந்துபோனால் தாங்கிப்பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், உங்கள் ஆறு பேரில் யாருக்கும் அந்தச் சுமை வரக்கூடாது. மருத்துவ மாணவர்களுக்கு நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் சீக்கிரம் வரும், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஜார்ஜியாவுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இந்தியாவில் இருக்கிற மருத்துவ உளவியலாளர் ஒருவரை ஆறு பேரும் பங்கு போட்டுச் செலவு செய்து அமர்த்தலாம், தனித்தனியாகப் பார்ப்பதைவிடக் குறையும். மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். வெறும் லைப் கோச், மோட்டிவேஷன் வகுப்பு ஆட்கள் வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சேவை தர முடியுமா, அவசரமானால் என்ன செய்வார் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.


பேச்சிப்பாறை எழுதியது:

சரி டீச்சர். ரெண்டு பேருகிட்ட விசாரிச்சுட்டு, எங்க விதிகள எழுதி இங்கயே போடுகேன். ஹெட்போன், பதிவு கூடாது, முகவரி, எல்லாம் சேர்ப்பேன். வேற வல்லதும் விட்டுப்போனா சொல்லுங்க.


மனநலப்பணி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் அந்த ஊரிலேயே கதவைத் தட்டி வரக்கூடிய ஒரு ஆளின் பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவில் அவசர எண் 112. உறக்கமில்லாதது எத்தனை வாரமாக என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் ஆறு பேர் கூடும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.